தள்ளு ஆபா

அன்று ஏரிக்கரையில் இருந்தவர்கள்.

கிரேன் சீட்டில் ஆபா. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். படகுக்குச் சொந்தக்காரர் போட் சார். காரிலேயே உட்கார்ந்திருந்த அவர் மனைவி. பட்டுத்துண்டோடு வந்த தறிக்காரர். இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் பெண்சாதி. லாரி டிரைவர். ஏரி மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர். சைக்கிளில் டீ விற்பவர். ஆடு மேய்க்கிற இரண்டு பெண்கள். ரீல்ஸ் எடுக்க வந்த இரண்டு பையன்கள்.

ஆடுகளும் இருந்தன. அவற்றைச் சேர்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஆபாவைப் பற்றி.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. அவருக்கென்று பேர் உண்டு. ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. தள்ளு ஆபா என்றால் செவிலிமேட்டிலிருந்து ஓரிக்கை வரை தெரியும். அவர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். காலையில் ஷெட்டுக்கு வந்ததும், "தள்ளு, ஷட்டருக்குக் கீழ நிக்காதே" என்பார். வணக்கம், நல்லா இருக்கியா எல்லாம் அதற்குப் பிறகு.

தொங்குகிற எதற்கும் கீழே மனிதர் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் ஆபா. மற்றபடி எதற்கும் கோபப்பட மாட்டார். லேட்டாகப் போனால் திட்ட மாட்டார். டீசலைக் கீழே கொட்டினால் திட்ட மாட்டார். ஒரு தடவை கிரேனை ஸ்டார்ட் பண்ணித் தருகிறேன் என்று ஷெட்டுச் சுவரை இடித்துவிட்டேன். "காத்து வரும்" என்றார். ஆனால் ஹூக்குக்குக் கீழே தலை போனால் அந்தத் தலைக்கும் அதைப் பெற்றவளுக்கும் நல்லது இல்லை.

மஞ்சள் ஹைட்ரா கிரேன். கணவர் ஓட்டிய வண்டி. அவர் போன பிறகு ஆபா தானே ஏறி உட்கார்ந்தார். கிரேனில் பெண் என்று ஊர் கூடிப் பார்த்தது. கொஞ்ச நாள்தான். கிட்டே வந்து பார்த்தால் திட்டு விழும். அதனால் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அப்புறம் அதுவும் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"ஏம்பா, அந்தம்மா ஊட்டுக்காரரு, சாமான் கீழ மாட்டித்தான் போனாரா?"

இல்லை. சர்க்கரை. வீட்டில், படுக்கையில், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. இதைச் சொன்னால் கேட்டவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

நான் வேலை கேட்டுப் போன அன்று ஆபா ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா படிச்சிருக்குறே?"

"எட்டாவது."

"பேரு?"

"சாமுவேலு."

"எங்க நிக்கிறே சாமுவேலு?"

நான் சுற்றிப் பார்த்தேன். பிறகு மேலே பார்த்தேன். கிரேனின் கை நீண்டு என் தலைக்கு மேலே இருந்தது. நுனியில் ஹூக்கு. நான் இரண்டடி நகர்ந்தேன்.

"நாளைலருந்து வா" என்றார்.

வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒரு கம்பெனியில் மெஷின் இறக்கப் போனோம். அங்கே சூப்பர்வைசர் ஒருவர் கையில் பேடோடு சரியாக மெஷினுக்குக் கீழே வந்து நின்றார். ஆபா நிறுத்திவிட்டார்.

"தள்ளு சார்."

"ஹெல்மெட் போட்டிருக்கேன்மா" என்று சூப்பர்வைசர் தலையைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தேன். உன் ஊட்டம்மாகிட்ட குடுக்கறதுக்கு அது ஒண்ணு மிஞ்சும்."

சூப்பர்வைசர் தள்ளி நின்றார்.

கோயில் வேலையாகக் கல் இறக்கப் போன ஒரு நாள். வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் எங்களை மண்டபம் பார்க்கக் கூட்டிப்போனார். மண்டபத்து மூலையில் கல்லால் ஆன சங்கிலி தொங்கும். வெளியூர் ஆட்கள் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுப்பார்கள். ஒரு கைடு அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரே கல்லுங்க. ஒட்டு கெடையாது, இணைப்பு கெடையாது. ஒரே கல்லுல செதுக்குனது."

ஆபா கைடைக் கேட்டார். "ஒட்டே இல்லியா?"

"இல்லம்மா."

"அப்போ உழுந்தா மொத்தமா உழும். தள்ளுங்க, தள்ளுங்க. கொழந்தைய இப்பிடிக் கூட்டிக்கினு வாம்மா."

வெளியூர்க் குடும்பம் கலைந்துவிட்டது. கைடுக்குக் கோபம்.

"ராஜா காலத்துலருந்து தொங்குதும்மா இது!"

"அதான் சொல்றேன். அத்தினி காலமா தொங்குனா அதுக்குக் கை வலிக்காதா?"

நாங்கள் வந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். கைடும் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

என் கல்யாணம் எங்கள் சர்ச்சில் நடந்தது. பெண்ணும் நானும் நிற்கிற இடத்துக்கு மேலே பெரிய வெள்ளை மணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். தெர்மாகோல் மணி. ஜிகினா ஒட்டியது. ஆபா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் ஜெபம் ஆரம்பித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஆபா மூடவில்லை. எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஆபா, தெர்மாகோலு ஆபா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"இருக்கட்டும். ஆணியும் தெர்மாகோலா?"

பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். பிறகு அவரும் எங்களோடு ஓரத்துக்கு வந்துவிட்டார். ஜெபம் அங்கேதான் முடிந்தது. எங்கள் கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் நடுவில் மணி மட்டும் இருக்கும். நாங்கள் ஓரத்தில் பாதி தெரிவோம். என் மனைவி இன்றைக்கும் அந்த ஆல்பத்தை யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். "இது எங்க கல்யாணம். இது மணி. இது என் கை" என்பாள்.

ஆபாவுக்கு வயிற்றில் கல் எடுத்தார்கள். பெரியாஸ்பத்திரி. பார்க்கப் போனேன். வார்டில் எல்லாக் கட்டிலும் கோணலாக இருந்தது. ஆபா தன் கட்டிலை ஃபேனுக்குக் கீழிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா ஏன் என்று கேட்டிருக்கிறார். ஆபா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வார்டில் யாரும் ஃபேனுக்குக் கீழே படுக்கவில்லை. டாக்டர் உள்ளே வர வழியில்லாமல் வாசலிலேயே நின்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"புழுங்குது" என்றார்கள் எல்லாரும்.

நான் ஒரு நாள் கேட்டேன்.

"ஆபா, இத்தினி வருசத்துல ஏதாச்சும் உழுந்திருக்குதா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. நான் இருந்தேன்ல?"



இப்போது கிரேனை விற்றுவிட்டார். ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. மாடி வீடு. கடைசி மாடி. தலைக்கு மேலே யாரும் இல்லை.

தறிக்காரர் விஷயத்தைச் சொன்னால்தான் படகு விஷயம் புரியும்.

தறிக்காரர் செவிலிமேட்டில் புது வீடு கட்டித் தறியை அங்கே மாற்றினார். ஜக்கார்டு பெட்டியை இறக்க எங்களைக் கூப்பிட்டார். புடவையில் பூ, மாங்காய் விழுவதற்கு அட்டை கோத்த பெட்டி அது. நல்ல கனம். தறிக்கு மேலே சட்டத்தில் ஏற்றி வைப்பார்கள். நெய்கிறவர் கீழே உட்கார்ந்து நெய்வார். இங்கே பிறந்தவர்கள் யாரும் அதை அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆபா பார்த்தார்.

"இதுங்கீழயா குந்திக்கினு நெய்யறே?"

"ஆமாம்மா. வேற எங்க குந்தறது?"

"தினமுமா?"

"தினமும்தான்."

"ஊட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் குந்துவியா?"

தறிக்காரர் சிரித்தார். நாங்கள் வந்துவிட்டோம்.

மறுநாளிலிருந்து தறிக்காரர் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். கண் மேலே போனால் கால் மிதி தப்பும். மிதி தப்பினால் மாங்காய் நீளும். ஒரு வாரம் கழித்து அவர் பெண்சாதி ஷெட்டுக்கே வந்துவிட்டார். வயிற்றில் அப்போது ஏழெட்டு மாதம்.

"இன்னாமா சொல்லிட்டு வந்தே எங்க ஊட்டுக்காரர்கிட்ட? அந்தாளு தலை கீழயே வர மாட்டேங்குது. மாங்கா பூரா பொடலங்காயா வந்துக்கினு இருக்குது!"

"ஆளு நல்லா இருக்காரா?"

"ஆளுக்கின்னா, நல்லாத்தான் இருக்காரு."

"அப்போ பொடலங்கா நெய்யட்டும்."

"கடைக்காரரு பொடலங்காய வாங்க மாட்டாரும்மா!"

அன்று சாயங்காலமே ஆபா என்னையும் இரண்டு இரும்புச் சங்கிலியையும் கூட்டிக்கொண்டு போய், ஜக்கார்டு பெட்டியை மேலே உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினார். தறிக்காரருக்குத் தலை கீழே வந்தது. மாங்காய் மாங்காயாக வந்தது. புடலங்காய் விழுந்த துண்டை மட்டும் அறுத்துப் பரணில் போட்டார்கள். அரக்கு நிறம். சரிகைக் கரை. நல்ல பட்டு.

இனிப் படகு.

போட் சார் சென்னைத் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தறிக்காரர் வீட்டுக்கு அடுத்த வீடு. எங்கிருந்தோ பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி லாரியில் கொண்டுவந்து ஏரியில் விட்டார். வெள்ளை ஃபைபர். அடியில் நடுவே ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பலகை. காற்றடித்தால் கவிழாமல் இருக்க அது வேண்டுமாம்.

எங்கள் ஏரியில் காற்று வரும் மாதம் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருக்கும் மாதம் காற்று வராது. இரண்டும் சேர்ந்து வந்த அன்று சாருக்கு வயிற்றுப்போக்கு. அதனால் அந்தப் படகு பாய் விரித்துப் போனதை நான் பார்த்ததில்லை. கருவேல மரத்தில் கட்டி, தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஏரி நிறைந்தது. புயல் வேறு வருகிறது என்றார்கள். மதியத்துக்கு மேல் மதகைத் திறக்கப் போவதாக லஸ்கர் வந்து சொன்னார். திறந்தால் தண்ணீர் இழுக்கும். கருவேல மரம் தாங்காது. படகு போய் மதகுச் சுவரில் மோதித் தூளாகும்.

சார் ஷெட்டுக்கு ஓடி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"எப்படியாவது எடுத்துக் குடுத்துடும்மா. முப்பது வருசமா அடுத்தவன் கப்பலுக்கே சீட்டு எழுதிக்கினு இருந்தேன். எனக்குன்னு தண்ணில இருக்கறது இது ஒண்ணுதான்."

ஆபா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

கரை மேலே கிரேனை நிறுத்தினோம். ஆபா இறங்கித் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தார். மழை விட்டிருந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு இருந்தது. சார் பாய்மரத்தைச் சாய்த்துக் கழற்றினார். பாய்த்துணியை மடித்துத் தூரத்தில் கரையோரமாக வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். நானும் லாரி டிரைவரும் படகுக்குள் நின்ற மழைத் தண்ணீரை வாளியால் இறைத்தோம். தண்ணீரோடு தூக்கினால் கனம் ஒரு பக்கம் ஓடும். பிறகு நான் மார்பளவு தண்ணீரில் இறங்கிப் படகுக்கு அடியில் இரண்டு பெல்ட் விட்டேன். இரும்புப் பலகைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"பெல்ட்டு உரசுனா பெயின்ட் போயிடும்பா" என்றார் சார். "கோணி ஏதாவது குடுங்களேன்."

கோணி இல்லை. தறிக்காரர் வீட்டுக்கு ஓடி அந்தப் பட்டுத்துண்டை எடுத்து வந்தார்.

"இந்தாங்க சார். ஆபா புண்ணியத்துல காய்ச்ச பொடலங்கா. இதுக்காச்சும் ஆவட்டும்."

ஆபா சீட்டிலிருந்து குனிந்து துண்டைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குது?"

"பட்டுல ஒரு கீறல் உழாது சார்" என்றார் தறிக்காரர்.

சாருக்குச் சந்தோஷம். துண்டை இரண்டாகக் கிழித்துப் பெல்ட்டுக்கும் படகுக்கும் நடுவில் வைத்தோம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் பட்டை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆபா தூக்கினார். படகு தண்ணீரை விட்டு மேலே வந்தது. மெதுவாகத் திரும்பிக் கரைக்கு மேலே வந்து நின்றது. லாரிக்கு இன்னும் கொஞ்ச தூரம். நான் பின்பக்கக் கயிற்றைப் பிடித்திருந்தேன். அது இல்லாவிட்டால் படகு சுற்றும். அது போதாது என்று சார் தானே கீழே போய் இரும்புப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆபா தள்ளச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகிக் கொஞ்சம் வெயில் வந்தது. வெள்ளைப் படகு. இரண்டு பக்கமும் அரக்குப் பட்டு, சரிகை மின்னுகிறது. தண்ணீர் சொட்டுகிறது. அந்தரத்தில் நிற்கிறது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

லாரி டிரைவர் செருப்பைக் கழற்றினார்.

லோடு ஏற்றுவதற்கு முன்னால் சூடம் காட்டுவது அவர் வழக்கம். வழக்கமாக டயருக்குக் காட்டுவார். அன்று பட்டுக் கட்டியதைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. ஒரு செங்கல்லை எடுத்து வந்து படகுக்கு நேர் கீழே வைத்து, அதன் மேல் சூடத்தை ஏற்றினார். ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு யாரையும் கூப்பிடத் தேவையில்லை. லஸ்கர் போனார். டீக்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் போனார். தறிக்காரர் தன் பட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனார். ரீல்ஸ் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் படகுக்குக் கீழே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

தறிக்காரர் பெண்சாதி குழந்தையை இறக்கிக் கையில் எடுத்தார்.

"ராவானா தூக்கத்துல வீல் வீல்னு அலறுதுக்கா" என்று ஆட்டுக்காரப் பெண்களிடம் சொன்னார். "யானை வயித்துக்குக் கீழ நுழைச்சு எடுத்தா பயம் தெளியும்பாங்க. யானைக்கு இப்போ எங்க போறது?"

"இதுவும் அந்த ஒசரந்தான் இருக்குது" என்றார் ஒரு பெண்.

"பட்டு வேற கட்டிக்கினு இருக்குது" என்றார் இன்னொருவர்.

மூன்று பேரும் போய்ச் செருப்பைக் கழற்றினார்கள். குழந்தையை இந்தப் பக்கம் கொடுத்து அந்தப் பக்கம் வாங்கினார்கள். மூன்று தடவை செய்ய வேண்டுமாம்.

"தள்ளு!" என்றார் ஆபா.

யாரும் திரும்பவில்லை.

"தள்ளு! தள்ளுங்கறேன்ல! யா அல்லா, தள்ளுங்கடா!"

ஹாரனை அடித்தார். டீக்காரர் மட்டும் திரும்பிச் சிரித்தார்.

"ஆபா அப்பிடித்தான்பா. பூ உழுந்தாக்கூட தள்ளும்பாங்க."

தினமும் நேரத்துக்கு நகராட்சிச் சங்கு ஊதினால் ஊரில் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? அப்படி ஆகிவிட்டது அந்தச் சொல். நானும் கத்தினேன். எனக்குக் கத்த வராது. கயிற்றை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

ஆபா லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். இறக்க முடியாது, கீழே தலைகள். நகர்த்த முடியாது, படகு ஆடும். அப்படியே நின்றது.

"ஏம்மா நிறுத்திட்டே?" சார் கீழேயிருந்து கத்தினார். "மழை வருது. கரை சேறாச்சுன்னா லாரி ஏறாது."

"நீ வெளிய வா சார்."

"நான் உட்டா சுத்தும்மா."

"சுத்தட்டும்."

"லாரில இடிக்கும்."

"இடிக்கட்டும்."

"உன் படகுன்னா இப்பிடிப் பேசுவியா?"

"படகு உன்னுது சார். ஹூக்கு என்னுது."

சார் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குழந்தை இரண்டாவது தடவை போய் வந்தது.

ஆபா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார். வேறு குரல்.

"பாம்பு! படகுலருந்து தொங்குது பாரு, கட்டுவிரியன்! தலைக்கு மேல! தலைக்கு மேல!"

குழந்தையோடு தறிக்காரர் பெண்சாதிதான் முதலில் ஓடினார். அவருக்குப் பின்னால் தறிக்காரர். ஆட்டுக்காரப் பெண்கள் முள்ளில் பாய்ந்தார்கள். ஆடுகள் வேறு பக்கம் ஓடின. லஸ்கர் கிரேனைச் சுற்றி இரண்டு தடவை ஓடினார். டிரைவர் லாரி மேலேயே ஏறிவிட்டார். ரீல்ஸ் பையன்களில் ஒருவன் ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். டீக்காரர் எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை.

சார் நகரவில்லை.

"பாம்புக்கெல்லாம் நான் அசையற ஆள் இல்லம்மா" என்றார். பலகையைக் கட்டிப் பிடித்திருந்தார்.

ஆபா ஏரிப் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார்.

"சார்! பாய்த்துணி போவுது சார்! தண்ணில! மதகுக்கு நேரா போவுது!"

சார் பலகையை விட்டார். ஓடினார். ஷூ, தொப்பை, வயசு எதுவும் அவரைத் தடுக்கவில்லை.

படகு சுற்றப் பார்த்தது. நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. புதுப் புடவையை மடிப்பிலிருந்து உருவினால் வருமே, அந்தச் சத்தம். முன்பக்கப் பெல்ட் ஈரப் பட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. மூக்கு கீழே சாய்ந்தது. பின்பக்கப் பெல்ட்டும் வழுக்கியது. படகு அதிலிருந்து உருவிக்கொண்டு விழுந்தது.

என் கையில் கயிறு மட்டும் ஓடியது.

இரும்புப் பலகை செங்கல்லை உடைத்து மண்ணுக்குள் பாதி இறங்கியிருந்தது. சார் நின்ற இடம். படகு அதன் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. உடையவில்லை.

ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆபாவின் கை அதன் மேல் இருந்தது. எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. நான் போய் எடுத்துவிட்டேன்.

சார் கோபமாகத் திரும்பி வந்தார்.

"துணி வெச்ச எடத்துலயேதான் இருக்குது! எவன் சொன்னது தண்ணில போவுதுன்னு..."

படகைப் பார்த்தார். பலகை இறங்கிய இடத்தைப் பார்த்தார். தன் இரண்டு கையையும் பார்த்தார்.

காரிலிருந்து அவர் மனைவி இறங்கினார். நேராக வந்தார். சாரின் காலரைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கார் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க நில்லுங்க. அவ்ளோதான்."

சார் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து லாரி மேலேயிருந்து டிரைவர் கேட்டார்.

"ஆபா, அந்தப் பாம்பு?"

"எந்தப் பாம்பு?"

"கட்டுவிரியன்னீங்களே."

"ஊட்டுக்குப் போயிருக்கும். நீ எறங்கு."

தறிக்காரர் பெல்ட்டில் தொங்கிய பட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் பட்டுதான் வழுக்கிடுச்சா ஆபா?"

"நானுந்தானே நல்லா இருக்குதுன்னேன்" என்றார் ஆபா.

கிரேனை விட்டு இறங்கினார். டீக்காரர் ஒரு டீ கொடுத்தார். வாங்கிக்கொண்டு கிரேன் படியில் உட்கார்ந்தார்.

"சாமுவேலு, உழுந்துடுச்சுடா."

"ஆமா ஆபா."

"நெஜமாவே உழுந்துடுச்சு."

இத்தனை வருஷம் சொன்னது நடந்துவிட்டதே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அழுகிற முகமாக இருந்தது. தறிக்காரர் பெண்சாதி குழந்தையோடு வந்து பக்கத்தில் நின்றார். குழந்தையை ஆபா மடியில் வைத்தார். அது ஆபாவின் துப்பட்டாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

தூறல் ஆரம்பித்தது. ஆபா குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறினார். பட்டை எடுத்துத் தூரப் போட்டோம். வெறும் பெல்ட்டை மாட்டி, இரண்டு பெல்ட்டையும் வழுக்காதபடி ஒன்றோடு ஒன்று கயிற்றால் இழுத்துக் கட்டினேன்.

"பெயின்ட் போயிடுமே" என்று கார் பக்கத்திலிருந்து சார் குரல் வந்தது. அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். குரல் நின்றது.

இந்த முறை ஆபா தள்ளு என்று சொல்லவில்லை. எல்லாரும் லாரிக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள். வெறுங்காலில், சேற்றில், மழையில். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

படகு எழுந்தது. பலகை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆடாமல் போய் லாரியில் டயர்களின் மேல் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துக் கயிறு போட்டேன். லஸ்கர் வெறுங்காலோடே போய் மதகைத் திறக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது.

ஆபா என்ஜினை நிறுத்தினார். சீட்டிலிருந்தே கேட்டார்.

"கீழ எத்தினி பேருடா இருந்தாங்க?"

ஆட்களை நான் எண்ணியிருக்கவில்லை. படகு கிடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சேற்றில் அழுந்திக் கிடந்தன. ரப்பர், தோல், பூப்போட்டது, வார் அறுந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து வைத்து எண்ணினேன்.

செருப்பு பதினேழு.